எங்கள் வத்தை

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் வீதியிற் பயணஞ் செய்வோர் பாப்பாமோட்டையை ஒரு பெயர்ப்பலகையாகவே அறிவர். திருக்கேதீச்சரச் சந்தியைக் கடந்து விடத்தல்தீவுக்கு விரையும் வாகனத்துக்கு எங்கள் ஊர் சில நிமிட வழி. வயல், உவர்நிலம், அதற்கப்பாற் கண்டற்காடு, அதற்கும் அப்பாற் கடல். கடல் என்றதும் வாசகர் அலையெறியும் நீலப் பரப்பை எண்ணிக்கொள்ள வேண்டா. மன்னார்த் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே பாக்கு விரிகுடாவின் தென்மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் ஆழமற்ற சேற்றுக்கடல் அது. வற்றுக் காலத்தில் முழங்காலளவு நீரில், காலடியிற் சாதாளை வழுக்க, நெடுந்தூரம் நடந்து செல்லலாம்.

அந்தக் கரையில் எனக்கு ஒரு வத்தை உண்டு. இருபத்திரண்டு அடி நீளம், தட்டையான அடி, ஒற்றைப் பாய்மரம். என் தந்தையார் 1971 ஆம் ஆண்டில், தமது திருமணத்துக்கு அடுத்த ஆண்டு, கட்டுவித்தது. பலகைகள் வேம்பு. வங்குக்கால்கள் பூவரசு, இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளைகளைத் தேடித் தெரிந்து வெட்டியவை. நான் பிறந்தது 1973 இல். ஆகவே வத்தை எனக்கு மூத்தது. வீட்டில் அதற்குரிய மரியாதையும் உண்டு. சிறுவனாக இருந்தபோது செருப்புக் காலுடன் அதில் ஏறியதற்காக அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

தொழிலால் நான் ஆசிரியன். கடலில் உழைத்துச் சீவிப்பவன் அல்லன். சனி ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் வத்தைக்குச் செய்யும் பணிவிடையைப் பார்த்து, "இந்தப் பழம் மரத்தில் என்ன இருக்கிறது?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முறையான விடை ஒன்றை நான் இதுவரை சொன்னதில்லை.

அப்பாவின் வத்தை பாயினால் ஓடியது ஏறக்குறைய பத்து ஆண்டுகளே. வெளியிணைப்பு இயந்திரமும் கண்ணாடியிழைப் படகும் எங்கள் பக்கம் பரவத் தொடங்கியதும் அவரும் தமையனாரோடு கூட்டாக ஓர் இயந்திரப் படகு வாங்கினார். காரைநகரில் சீநோர் நிறுவனத்தார் படகு கட்டிய காலம் அது. கண்ணாடியிழைப் படகு ஒழுகாது, உளுக்காது, கலப்பற்று வேண்டாது. இரண்டு மணித்தியாலப் பாய்வழி அரை மணித்தியாலமாகச் சுருங்கிற்று. பாயைச் சுருட்டி வீட்டு முகட்டில் ஏற்றினார்கள். வத்தையைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்தார்கள். இதில் வருந்துவதற்கு எதுவும் இல்லை. கடலோரத்தவரைப் பாய்மரத்தோடு கட்டி வைத்து அழகு பார்க்க விரும்புவோர், ஒரு நாளாவது காற்று விழுந்த நண்பகலில் மரக்கோல் ஊன்றி மூன்று மைல் வந்து பார்க்கட்டும்.

1990 இற் போர் மீண்டும் மூண்டது. வடபகுதிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. கடையில் மண்ணெண்ணெய் போத்தற் கணக்கில் விற்பனையாயிற்று. பின்னர் சிறு குப்பிக் கணக்கில். விளக்குக்கே போதாத எண்ணெயை இயந்திரத்துக்கு ஊற்றுவது எங்ஙனம்? பாய் முகட்டிலிருந்து இறங்கிற்று. இறக்கிப் பார்த்தால் எலி கடித்துக் கந்தலாகியிருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் உரப்பைகளைப் பிரித்துக் கழுவிக் காயவைத்து, இரட்டை நூலால் மூட்டிப் புதுப் பாய் தைத்தார்கள். முற்காலத்தில் பருத்தித் துணியிற் பாய் தைத்துக் கண்டற்பட்டைச் சாயத்தில் தோய்ப்பார்கள். உப்பும் ஈரமும் துணியை உளுக்கச் செய்யாதிருக்க அது காப்பு. உரப்பைக்குச் சாயம் வேண்டியதில்லை. 'யூரியா' என்ற எழுத்துகள் தலைகீழாகத் தெரிய, அந்தப் பாயோடு வத்தை விரிகுடாவிற் சென்றதைப் பதினேழு வயதில் நான் வெட்கத்தோடு பார்த்தேன். அன்று எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தப் பாயினால் என்பது சில ஆண்டுகள் சென்றே புலப்பட்டது.

அப்பொழுதுதான் காற்றின் பெயர்களைக் கற்றேன். வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கு, சோளகம் தெற்கும் தென்மேற்கும், கச்சான் மேற்கு. பிற்காலத்திற் பல்கலைக்கழகத்திற் புவியியல் கற்றபோது பருவப்பெயர்ச்சிக் காற்றுகளை அம்புக்குறியிட்டு வரைந்து நல்ல புள்ளிகளும் பெற்றேன். ஆயினும் அம்புக்குறியில் இல்லாத ஒன்றை அப்பா முன்னரே சொல்லித் தந்திருந்தார். எங்கள் கரை மேற்கு நோக்கியது. சோளகக் காலத்தில் வெளிக்கிடுவது கடினம், திரும்புவது எளிது. வாடைக் காலத்தில் இதற்கு மறுதலை: பின்னிருந்து தள்ளுங் காற்றில் மகிழ்ச்சியாகப் போய்விடலாம், வீடு திரும்பும்போதுதான் காற்று தன் கணக்கைக் கேட்கும். தட்டையடி வத்தை எதிர்க்காற்றில் ஏறாது. நண்டைப் போலப் பக்கவாட்டிற் சரியும். வாடையில் தொலைத்தவர்களே எங்கள் ஊரில் மிகுதி என்பார் அப்பா. போகும்போது எளிதாக இருந்தமையே அவர்களுக்கு வினையாயிற்று.

இக்கலங்களைப் பற்றி ஏடுகளில் தேடியபோது எனக்குக் கிடைத்தது ஓர் ஆங்கிலேயர் எழுதிய கட்டுரை. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை ஆராய இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிற் பணியாற்றி, பின்னர் சென்னை மாகாணத்தின் மீன்பிடித் துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹோர்ணெல், 1943 இல் இலங்கையின் மீன்பிடிக் கலங்களைப் பற்றி எழுதினார். பாக்கு நீரிணைப் படகுகளிற் குறுக்கே நீண்ட பலகை ஒன்றைக் காற்று வரும் பக்கமாக நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறி நின்று படகு கவிழாது காக்கும் முறையையும் அவர் கவனித்திருக்கிறார். படித்தபோது உடல் சிலிர்த்தது. அந்தப் பலகையில் நான் நின்றிருக்கிறேன். காற்று வலுக்கும்போது, "இன்னும் வெளியால போ" என்று அப்பா கத்துவார். கீழே நீர் விரைந்தோடும். பதினேழு வயது உடம்பின் பாரம் அன்று ஒரு பயன் பெற்றது.

மரக்கலம் என்றதும் வல்வெட்டித்துறையாரின் அன்னபூரணி அம்மாளை எல்லாரும் எடுத்துச் சொல்வர். வேப்பமரத்தாற் கட்டப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளால் செலுத்தப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்த பாய்க்கப்பல் அது. பெருமைக்குரியதே. எங்கள் வத்தையும் வேம்புதான் என்பதைத் தவிர அக்கப்பலோடு அதற்கு எவ்வித உறவும் இல்லை. அது போன தொலைவு இரணைதீவுப் பக்கம் வரையே. மாதோட்டத் துறைமுகத்துக்கு முற்காலத்தில் எத்திசையிலிருந்தெல்லாமோ வங்கங்கள் வந்தன என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அத்துறைக்கு அண்மையில் இருக்கும் நாங்கள் நண்டுக்கும் மீனுக்கும் போய் வந்தோம். சிறிய கலத்துக்கு வரலாறு இல்லை. பழுதுபார்த்த கணக்கு மட்டும் உண்டு.

அக்கணக்கில் மிகப் பெரியது 2007 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது. போர் எங்கள் பக்கம் நெருங்கிற்று. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டியிருந்தது. வத்தையை ஏற்ற இயலாது. அப்பாவும் பெரியப்பாவும் அதைக் கண்டற்காட்டின் உட்கழி ஒன்றுக்கு இரவோடிரவாகத் தள்ளிச் சென்று, பாய்மரத்தைக் கழற்றி உள்ளே கிடத்தி, சேற்றை வாரி வாரி நிரப்பி மூழ்கடித்தார்கள். பெற்ற பிள்ளையைப் புதைப்பது போன்று இருந்ததாக அப்பா பின்னர் ஒரே ஒரு முறை சொன்னார். அன்று அவர் எதுவும் பேசவில்லை. கழி வாயில் நின்ற கண்டல் மரங்களை எண்ணிக்கொண்டு வந்தார்.

அதன்பின் நாங்கள் எங்கெங்கு சென்றோம் என்பது இக்கட்டுரைக்கு உரியதன்று.

2010 இல் மீளக்குடியேறினோம். கண்ணிவெடி அகற்றும் பணி முடியும்வரை கண்டற்காட்டுக்குட் செல்ல அனுமதியில்லை. அனுமதி கிடைத்த அன்றே அப்பா போனார். மரங்களை எண்ணினார், சில இல்லை. இருந்தும் இடத்தைக் கண்டுகொண்டார். அணியத்தின் நுனி மட்டும் சேற்றுக்கு மேலே ஒரு முழம் நீண்டிருந்தது. அந்த ஒரு முழம் அரிக்கப்பட்டுத் தேன்கூடு போல் இருந்தது. சேற்றினுட் கிடந்த மீதி கட்டியவாறே இருந்தது. காரணம் எளியது. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு, உண்மையிற் புழுவன்று, சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். மூச்சு விட அதற்கு ஓடும் நீர் வேண்டும். காற்றுப் புகாத சேற்றில் அது வாழாது. இதை நான் விளக்கியபோது அப்பா, "அது தெரிஞ்சுதானே சேத்துக்க தாட்டனாங்கள்" என்றார். அவர் சிப்பி இனம் எது என்று அறியார்.

சேற்றிலிருந்து எடுத்த மரத்தை வெயிலிற் போட்டால் வெடித்துவிடும். ஆகவே ஈரச் சாக்குகளாலும் கிடுகுகளாலும் மூடி, நாளுக்கு நாள் மூடலைக் குறைத்து, நான்கு மாதம் உலர்த்தினோம். பிறகு கலப்பற்று. பலகை இடைவெளிகளில் இருந்த பழைய பஞ்சைக் கொக்கியாற் சுரண்டி எடுத்து, புதுப் பஞ்சைத் திரித்து உளியும் கொட்டாப்புளியுமாக இறுக்கி, எண்ணெயில் உருக்கிய குங்கிலியத்தை மேலே பூசுவது. சொல்லும்போது ஒரு வாக்கியம், செய்யும்போது முதுகெலும்பு. பஞ்சு குறைந்தால் நீர் ஒழுகும். மிகுந்தால் நீரில் ஊறிய பலகை விரிய இடமின்றி ஆணியைக் கக்கும். போதும் என்பதை உளி எழுப்பும் ஓசையிலிருந்து பெரியப்பா அறிவார். "டப் எண்டால் காணாது, டிங் எண்டால் காணும்" என்பார். நான் இத்தனை ஆண்டுகளாகக் கேட்கிறேன். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன.

அப்பா 2014 இற் காலமானார். சொத்துப் பிரித்தபோது வத்தையை எவரும் கேட்கவில்லை, எனக்கு வந்தது.

உடைமையாளன் என்ற பட்டம் கிடைத்தபின்புதான் அதன் பாரம் தெரிந்தது. ஆண்டுதோறும் அடிப்பாகத்தைச் சுரண்டி, சுட்டு, எண்ணெய் பூச வேண்டும். சுறா எண்ணெய் இப்போது எளிதிற் கிடைப்பதில்லை. கிடைத்து நான் பூசிவிட்டு வந்தால் வீட்டார் இரண்டு நாள் என்னோடு அமர்ந்து உண்பதில்லை. பாவிக்காது விட்டால் காய்ந்து பிளக்கும். நீரிலேயே விட்டால் புழு வரும். ஆக, வத்தை ஓடவேண்டும், ஓய்வும் எடுக்கவேண்டும். மனிதர்க்கும் அப்படித்தானே என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் மனிதர்க்கு ஒழுகினால் மருத்துவர் உண்டு. பதிவு செய்யப் போன அலுவலகம் ஒன்றிற் படிவத்தில் 'இயந்திரத்தின் குதிரைவலு' என்றொரு கூடு இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். "இல்லாமல் எப்படி சேர் ஓடும்?" என்று கேட்டார் அங்கிருந்த இளைஞர். ஏளனமில்லை, உண்மையாகவே அறிய விரும்பினார். கடற்கரையிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்தது அந்த அலுவலகம்.

2022 வந்தது. நாட்டில் அந்நியச் செலாவணி இன்றி எரிபொருள் அற்றுப்போனது. பாடசாலைகள் மூடப்பட்டன; நானும் ஊரில் இருந்தேன். கரையில் இருந்த கண்ணாடியிழைப் படகுகள் வரிசையாகக் கிடந்தன. அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிற்று. ஒரு நாட் தொழிலுக்கு இருபது லீற்றர் வேண்டும் என்பது என் மைத்துனர் கணக்கு. 1,740 ரூபாவுக்குச் சென்றவர் 6,800 ரூபாவைக் கடலிற் கொட்டிவிட்டே முதல் மீனைக் காணவேண்டும். விலை ஏறுவதற்கு முந்திய மாதங்களிலோ பணம் கொடுத்தாலும் எண்ணெய் இல்லை. இத்தனைக்கும் சோளகம் முழுவீச்சில் வீசிய காலம் அது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 இல் நிறுவப்பட்ட முப்பது காற்றாலைகளும் அதே காற்றில் மின்சாரம் சுழற்றிக்கொண்டிருந்தன, 103.5 மெகாவாற்று வலு அவற்றுக்கு. காற்றின் விலையை அரசு அறிந்துகொண்ட வேளையில் நாங்கள் அதை மறந்திருந்தோம்.

பெரியப்பா அப்போது எண்பதைத் தாண்டியவர். ஒரு காலை வந்து, "வத்தையை இறக்குவமோ?" என்றார். அடுத்த வீட்டுப் பையன் ஒருவன், என்னிடம் கற்றவன், பதினேழு வயது, தானும் வருவதாக நின்றான். பாய்க்குத் துணி இல்லை. இடம்பெயர்ந்த காலத்திற் கூடாரம் போடத் தந்த தறப்பாள் ஒன்று வீட்டில் இருந்தது. பதினைந்து ஆண்டுகளாக நெல் காயப்போடப் பயன்பட்டது. அதை வெட்டிப் பருமலிற் கட்டினோம்.

விடியப் புறப்பட்டோம். கரைக்காற்று மெல்ல எடுத்துச் சென்றது. இயந்திர ஓசையில்லாத கடலைப் பையன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான். நீர் பலகையில் உரசும் ஒலி, பாய்மரம் முனகும் ஒலி, தொலைவிற் பறவைக் கூட்டம். "சேர், மீன் துள்ளுறது கேக்குது" என்றான். "காத்தைத் தேடாத, தண்ணியைப் பார். தண்ணி கறுத்து வந்தால் காத்து வருது" என்று பெரியப்பா அவனுக்குச் சொன்னார். எனக்கும் இதையே சொல்லியிருந்தார், முப்பது ஆண்டுகளுக்கு முன்னர். வலை இழுத்தோம்; நண்டும் கொஞ்சம் மீனும் கிடைத்தன. இதுவரை எல்லாம் நன்று.

திரும்பும்போது சோளகம் வலுத்தது. பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான் என் கையில் இருந்தது. அது பழைய நைலோன் கயிறு, வெயில் தின்றது. அதை மாற்றும்படி பெரியப்பா முதல் நாள் சொல்லியிருந்தார். 'நாளைக்கு ஒரு நாள் தாங்கும்' என்று நான் நினைத்தேன். தாங்கவில்லை. கயிறு அறுந்ததும் தறப்பாள் துப்பாக்கி வெடித்தாற்போல் அடித்தது. பையன் தலை குனிந்து பலகையோடு ஒட்டிக்கொண்டான். அந்த ஓசை அவனுக்கு வேறெதையோ நினைவூட்டியிருக்க வேண்டும், போர் முடிந்தபோது அவன் நான்கு வயதுப் பிள்ளை. பாயை இறக்கி முடிப்பதற்குள் வடக்கே அடித்துச் செல்லப்பட்டு ஒரு சேற்றுத் திட்டில் ஏறிவிட்டோம். நீர் வற்றத் தொடங்கிய நேரம். வத்தை அசையவில்லை.

ஆறு மணித்தியாலம் அங்கே இருந்தோம். நிழல் தறப்பாள்தான். ஐஸ் இல்லாமையால் மீன் கெட்டுப்போயிற்று. ஈரச் சாக்கின் கீழ் நண்டுகள் உயிரோடிருந்தன. நான் வெட்கத்தினால் வாய் திறக்கவில்லை. பெரியப்பாவும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அறுந்த கயிற்றை எடுத்து, புரிகளைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி முடிச்சின்றி இணைப்பதைப் பையனுக்குக் காட்டினார். முதல் முறை பிழைத்தது, அவிழ்த்தார். இரண்டாம் முறையும் பிழைத்தது. நான்காவது முறை இணைப்பைத் தம் கையில் வாங்கி, பாய்மரத்திற் சுற்றித் தம் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாது தாமானைப் பாயிற் பூட்டினார். மாலை நீர் பெருகியது. அந்தக் கயிற்றோடுதான் வீடு திரும்பினோம்.

அதற்குப் பிறகு அவ்வாண்டில் பதினான்கு முறை வத்தை கடலுக்குச் சென்றது. பெரிய உழைப்பன்று; மூன்று வீட்டுக்குக் கறி, சில நாட்களில் விற்கவும் கொஞ்சம். அயலவர் இருவர் தங்கள் கண்ணாடியிழைப் படகிலும் பாய்மரம் நடப் பெரியப்பாவை அழைத்துச் சென்றனர். நட்டார், சரிவரவில்லை. பாய்க்கென்று கட்டாத உடம்பு பாயைத் தாங்காது என்று திரும்பி வந்தார்.

எண்ணெய் மீண்டும் கிடைத்ததும் கரையில் இயந்திரங்கள் உறுமின. பாய் இறங்கிற்று. இது மூன்றாவது முறை என்று எண்ணிக்கொண்டேன். முதல் முறை பாய் தைக்கத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தனர். இரண்டாம் முறை சேற்றில் இட்டவரே எடுக்கவும் இருந்தார். மூன்றாம் முறைக்குப் பெரியப்பா ஒருவர். பெரியப்பாவுக்கு இப்போது கண்ணிற் புரை. உளியின் ஓசை மட்டும் அவருக்குக் கேட்கிறது. நான் அடிக்க, அவர் கதிரையில் இருந்து "காணாது" என்கிறார்.

சென்ற ஆண்டு உல்லாச விடுதி ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். வத்தையைப் புற்றரையில் வைத்து அதற்குட் பூஞ்செடி நட விரும்பினார். அவர் சொன்ன தொகை, அதை ஒருபோதும் பெறாத அளவு பெரியது; என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். பழைய பொருளைப் பேணுகிறோம் என்று அவர் சொன்னதில் நேர்மை இருந்தது. வீட்டிலும் கொடுத்துவிடலாம் என்றே பேச்சு. யோசித்துச் சொல்வதாக அனுப்பினேன். உண்மையாகவே யோசித்தேன், கூரையும் ஒழுகிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு மாலை கரைக்குப் போய், வத்தைக்குள் மண் நிரப்பினால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். ஒருமுறை அதற்குட் சேறு நிரப்பியவர்கள் எடுப்பதற்காக நிரப்பினார்கள். விடுதிக்காரருக்கு இல்லையென்று சொன்னேன். கூரைக்கு ஓடு மாற்றக் கடன் பெற்றேன்.

இப்போது அடிப்பலகைகள் இரண்டை மாற்ற வேண்டியிருக்கிறது. பின்வளவில் ஒரு வேம்பு தறித்துக் கிடக்கிறது. தை கழிந்ததும் அறுக்கலாம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். பையன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். கட்டடங்களிற் சாரக்கயிறு கட்டும் வேலையாம். முடிச்சு நன்றாகப் போடுகிறான் என்று மேற்பார்வையாளர் புகழ்ந்தாராம். மாதம் ஒருமுறை தொலைபேசியிற் பேசுவான். தாயைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசி முடித்து, வைக்கப் போகும் நேரத்தில், "தாமான் மாத்தியாச்சோ, சேர்?" என்று கேட்பான்.

இன்னும் மாற்றவில்லை. அவன் இணைத்த கயிறுதான் கிடக்கிறது.